எலும்பு இடித்த வீடு: ஆண்டோவர் ஒர்க்ஹவுஸின் வரலாறு

தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஆண்டோவர் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அந்நகரின் மேற்குப் பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவில் தெரியும் பழைய கட்டடம் ஒன்று உண்டு. இன்று அதில் குடும்பங்கள் வசிக்கின்றன. 1845ஆம் ஆண்டு அதன் முற்றத்தில் பட்டினி கிடந்த மனிதர்கள், உரத்துக்காக இடிக்கக் கொடுத்த மாட்டெலும்பையும் குதிரையெலும்பையும் ஒருவருக்கொருவர் பறித்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த அழுகிய சதையைக் கடித்துத் தின்றார்கள். உலகின் பெரும் பணக்கார நாடாக அன்று விளங்கிய இங்கிலாந்தில், பஞ்சமோ போரோ இல்லாத ஊரில், அரசுச் சட்டப்படி நடந்த விடுதியில் இது நடந்தது.

இந்தக் கட்டடத்தின் வரலாற்றை நாம் ஏன் படிக்க வேண்டும்? பசிக்குக் காரணம் பசித்தவனே என்று ஓர் அரசு முடிவு செய்தால் என்ன நடக்கும் என்பதைச் செங்கல்லில் எழுதி வைத்த சாட்சி இது. அந்த முடிவு இங்கிலாந்தோடு நிற்கவில்லை. கப்பலேறி நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது.

கட்டடத்துக்கு முன்பு

இங்கிலாந்தில் ஏழைகளுக்கு உதவுவது திருச்சபைப் பங்கின் பொறுப்பு என்று 1601ஆம் ஆண்டு எலிசபெத் காலத்துச் சட்டமே சொல்லியிருந்தது. ஒவ்வொரு பங்கும் உள்ளூர்ச் சொத்துடையவர்களிடம் வரி வசூலித்து, முதியவர், நோயாளி, விதவை, வேலையற்றவர் ஆகியோருக்குக் காசாகவோ ரொட்டியாகவோ கொடுத்தது. பெரும்பாலும் அவரவர் வீட்டிலேயே இந்த உதவி கிடைத்தது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. பொது மேய்ச்சல் நிலங்கள் வேலியடைக்கப்பட்டன. ஒரு மாடு வளர்த்து, விறகு பொறுக்கிப் பிழைத்தவர்கள் வெறும் கூலிகளானார்கள். ரொட்டி விலை ஏறியது, கூலி ஏறவில்லை. 1795இல் பெர்க்‌ஷயரின் ஸ்பீனம்லாந்தில் கூடிய நீதிபதிகள், ரொட்டி விலைக்கும் குடும்ப அளவுக்கும் ஏற்பக் கூலியில் விழும் துண்டை ஏழை வரியிலிருந்து நிரப்புவது என்று முடிவெடுத்தார்கள். கேட்க நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் கூலியைக் குறைத்துக் கொடுத்தாலும் மிச்சத்தை ஊர் வரி பார்த்துக்கொள்ளும் என்று பண்ணையாளர்களும் கற்றுக்கொண்டார்கள்.

1830இல் அடக்கி வைத்த கோபம் வெடித்தது. தென் இங்கிலாந்து முழுவதும் விவசாயக் கூலிகள் எழுந்தார்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே வேலை கதிரடிப்பது. அதையும் பறித்த கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். நாளுக்கு 2 ஷில்லிங் கூலி கேட்டார்கள். 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைத் தலைவனின் பெயரில் பண்ணையாளர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் போனதால் அது ஸ்விங் கலகம் எனப்பட்டது. ஆண்டோவர் வட்டாரம் இந்தக் கலகத்தின் மையங்களில் ஒன்று. அந்த நவம்பரில் நகரத்துக்கு அருகிலிருந்த டாஸ்கர் இரும்புப் பட்டறையைக் கூலிகள் திரண்டு போய் உடைத்தார்கள்.

அரசின் பதில் கொடூரமாக இருந்தது. நாடெங்கும் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஏறத்தாழ 500 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். நான்கே ஆண்டுகளில் புதிய ஏழையர் சட்டம் வந்தது. கூலி கேட்டு எழுந்த அதே மண்ணில்தான் நாம் பேசும் கட்டடம் எழுந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

சட்டத்துக்குள் இருந்த தத்துவம்

1834ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணியில் சில மனிதர்களின் சிந்தனை இருந்தது. மக்கள்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும், ஏழைகளுக்கு உதவுவது ஏழைகளைப் பெருக்கவே உதவும் என்று 1798இல் எழுதிய தாமஸ் மால்தஸ் அவர்களில் ஒருவர். சட்டத்துக்கு அடிப்படையான விசாரணை அறிக்கையை எழுதியவர்கள் நாசோ சீனியரும் எட்வின் சாட்விக்கும்.

அவர்கள் வகுத்த விதி இதுதான்: உதவி பெறுபவனின் நிலை, உழைத்துப் பிழைக்கும் மிகக் கீழான கூலியின் நிலையைவிட எந்த வகையிலும் மேலாக இருக்கக் கூடாது. உடல் வலுவுள்ளவனுக்கு வீட்டில் வைத்து உதவி கிடையாது. உதவி வேண்டுமென்றால் குடும்பத்தோடு ஒர்க்ஹவுஸ் என்ற விடுதிக்குள் வந்துவிட வேண்டும். அங்கே வேலை செய்தால்தான் கஞ்சி. உள்ளே வர ஒருவன் சம்மதித்தால், அவன் உண்மையிலேயே வேறு வழியற்றவன் என்று அர்த்தம். வர மறுத்தால், அவனுக்கு உதவி தேவையில்லை என்று அர்த்தம். கட்டடத்தையே அவர்கள் ஒரு சோதனைக் கருவியாக்கினார்கள்.

இந்த விதியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே உழைக்கும் கூலியே அரை வயிற்றுக்குத்தான் சாப்பிடுகிறான். விடுதியில் இருப்பவன் அவனைவிடக் கீழாக இருக்க வேண்டும். அப்படியென்றால் அரை வயிற்றுக்குக் கீழே எது? விதியை எழுதியவர்கள் இந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளவில்லை. உணவைக் கூலிக்குக் கீழே இறக்க முடியாவிட்டால், மானத்தையும் சுதந்திரத்தையும் குடும்பத்தையும் பிடுங்கிக்கொள்ளலாம் என்பதே நடைமுறையில் அவர்கள் கண்ட வழி.

இதற்கு முன்னுதாரணம் நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் என்ற ஊரில் இருந்தது. அங்கே 1824இல் ஜான் பெக்கர் என்ற பாதிரியார் 158 பேர் தங்கும் ஒரு விடுதியைக் கட்டியிருந்தார். உள்ளே இருப்பவர்களை வகை பிரித்து, ஒரு வகையினர் மற்ற வகையினரின் கண்ணில்கூடப் படாதபடி தனித்தனிப் படிக்கட்டும் தனித்தனி முற்றமும் வைத்தார். அதே ஊரில் ஏழை உதவிப் பொறுப்பை வகித்த ஜார்ஜ் நிக்கோல்ஸ்தான் பின்னாளில் புதிய சட்டத்தை நடத்த நியமிக்கப்பட்ட மூன்று ஆணையர்களில் ஒருவரானார். சவுத்வெல்லின் சுவர்கள் நாட்டுக்கே மாதிரியாயின.

சிலுவை வடிவில் ஒரு கட்டடம்

புதிய சட்டம் சிறு சிறு பங்குகளைச் சேர்த்து ஒன்றியங்களாக்கியது. ஆண்டோவரைச் சுற்றியிருந்த 30க்கும் மேற்பட்ட பங்குகள் 1835இல் ஓர் ஒன்றியமாயின. ஒன்றியத்தை நடத்தப் பாதுகாவலர் குழு ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. வாக்களிக்கும் உரிமை வரி கட்டுபவர்களுக்கும் சொத்துடையவர்களுக்கும் மட்டுமே. சொத்து கூடக் கூட, ஒருவருக்கே பல வாக்குகள். ஆக, குழுவில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் வட்டாரத்துப் பண்ணையாளர்கள். கூலியை நிர்ணயித்த கைதான் கஞ்சியின் அளவையும் நிர்ணயித்தது. நம் ஊர் நிலவுடைமையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கட்டடத்தை வரைந்தவர் சாம்ப்சன் கெம்ப்தார்ன் என்ற இளம் கட்டடக் கலைஞர். ஏழையர் சட்ட ஆணையம் 1835இல் வெளியிட்ட மாதிரி வரைபடங்கள் அவருடையவை. அவற்றில் ஒன்றுதான் சிலுவை வடிவம். நான்கு கைகள் நடுவில் சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் மாஸ்டர் எனப்பட்ட விடுதிக் கண்காணிப்பாளரின் குடியிருப்பு. அவருடைய சன்னல்களிலிருந்து நான்கு முற்றங்களும் தெரியும். ஒரு முற்றத்தில் இருப்பவருக்கு அடுத்த முற்றம் தெரியாது.

உள்ளே வருபவர்கள் 7 வகையாகப் பிரிக்கப்பட்டார்கள். முதிய ஆண்கள், வலுவுள்ள ஆண்கள், சிறுவர்கள் என்று மூன்று. பெண்களிலும் அதேபோல் மூன்று. 7 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏழாவது. கணவன் ஒரு முற்றத்தில், மனைவி வேறொரு முற்றத்தில், பிள்ளைகள் இன்னொரு பக்கம். வாசலில் சொந்தத் துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, குளிக்க வைத்து, விடுதிச் சீருடை கொடுத்தார்கள். மணியடித்தால் எழ வேண்டும். மணியடித்தால் சாப்பிட வேண்டும். அதையும் பேசாமல் சாப்பிட வேண்டும்.

இவர்கள் எந்தக் குற்றமும் செய்தவர்கள் அல்லர். சட்டப்படி, முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். ஆனால் வெளியேறினால் குடும்பம் முழுவதும் வெளியேற வேண்டும், வெளியே வேலையும் இல்லை, வீடும் இல்லை. உழைக்கும் மக்கள் இந்த விடுதிகளைப் பிரெஞ்சுப் புரட்சியில் தகர்க்கப்பட்ட சிறையின் பெயரால் 'பாஸ்டில்' என்று அழைத்தார்கள். ஆண்டோவரின் பாஸ்டில் 1837இல் ஆட்களை ஏற்கத் தொடங்கியது. விக்டோரியா அரியணை ஏறிய அதே ஆண்டு.

எலும்புகள்

மாஸ்டராக வந்தவர் காலின் மக்டூகல். வாட்டர்லூ போரில் கலந்துகொண்ட முன்னாள் ராணுவ சார்ஜென்ட். அவருடைய மனைவி பெண்கள் பகுதியின் மேட்ரன். பாதுகாவலர் குழுவின் தலைவர் கிறிஸ்டோபர் டாட்சன் என்ற பாதிரியார். ஆணையத்தின் பார்வையில் ஆண்டோவர் கண்டிப்பாக நடக்கும் விடுதி, செலவு குறைவான விடுதி. வேறென்ன வேண்டும்?

ஆணையம் அனுமதித்த உணவே குறைவு. அதிலும் மக்டூகல் தன் குடும்பத்துக்காகத் திருடினார் என்பது பின்னர் வெளிவந்தது. குடிப்பழக்கமும் வன்முறையும் உள்ளவர். பெண்களிடம் தவறாக நடந்தார் என்ற சாட்சியமும் வந்தது. திருமணமாகாத ஒரு தாயின் கைக்குழந்தை விடுதியில் இறந்தபோது, அந்தச் சிறு சவப்பெட்டியை அவளே தன்னந்தனியாகச் சுமந்து கல்லறைத் தோட்டம்வரை நடந்துபோய்ப் புதைத்துவர வைத்தார்கள். வேறு விடுதிவாசிகள் வேண்டுமென்றே சிறு குற்றம் செய்து சிறைக்குப் போனார்கள். சிறையில் சாப்பாடு மேல்.

ஆண்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை எலும்பு இடிப்பது. இறைச்சிக் கடைகளிலிருந்தும் செத்த கால்நடைகளிலிருந்தும் வண்டி வண்டியாக எலும்பு வரும். நாய், குதிரை, மாடு எல்லாம் அதில் கலந்திருக்கும். 28 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 13 கிலோ எடையுள்ள இரும்பு உலக்கையைத் தூக்கித் தூக்கிப் போட்டு அவற்றைத் தூளாக்க வேண்டும். தெறிக்கும் சில்லுகள் முகத்தைக் கிழிக்கும். நாற்றம் குடலைப் புரட்டும். அந்தத் தூள் பண்ணைகளுக்கு உரமாக விற்கப்பட்டது. வட்டத்தைக் கவனியுங்கள். பண்ணையில் கூலி போதாமல் மனிதன் விடுதிக்கு வருகிறான். விடுதியில் அவன் இடிக்கும் எலும்பு பண்ணைக்கு உரமாகப் போகிறது. அவனுடைய பசி மட்டும் அவனிடமே மிஞ்சுகிறது.

எலும்பு இடிப்பவர்கள் அதைத் தின்னத் தொடங்கினார்கள். மஜ்ஜையை உறிஞ்சினார்கள். ஒட்டியிருந்த சதையைக் கடித்தார்கள். புது எலும்பு வந்தால் மற்றவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்தார்கள், பறித்துக்கொண்டு சண்டையிட்டார்கள். பண்ணையில் உழைத்து உழைத்து ஓய்ந்த, 60 வயதைக் கடந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

வெளியே வந்த உண்மை

பாதுகாவலர் குழுவில் இருந்த ஹியூ மண்டி என்ற பண்ணையாளருக்கு இது பொறுக்கவில்லை. குழுவிலேயே கேள்வி எழுப்பினார், அசைவில்லை. கடைசியில் விவரத்தை நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் வேக்லியிடம் கொண்டுபோனார். வேக்லி ஒரு மருத்துவர், 'தி லான்செட்' இதழைத் தொடங்கியவர். 1845 ஆகஸ்ட் 1ஆம் தேதி அவர் மக்களவையில் இதைக் கேட்டார். அவையில் இருந்தவர்களால் நம்ப முடியவில்லை. விசாரிக்க உதவி ஆணையர் ஹென்றி பார்க்கர் அனுப்பப்பட்டார். எல்லாம் உண்மை என்று தெரிந்தது. புதிய சட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்துவந்த 'தி டைம்ஸ்' நாளேடு சாட்சியங்களைப் பத்தி பத்தியாக அச்சிட்டது.

அடுத்து நடந்ததுதான் அதிகாரத்தின் வழக்கம். மக்டூகல் பதவி விலகினார். வழக்குமன்றக் கூண்டில் ஏறவில்லை. ஆணையம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, விசாரிக்கப் போன பார்க்கரையே பதவி விலகச் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் எலும்பு இடிக்கும் வேலை தடை செய்யப்பட்டது. பார்க்கர் சும்மா இருக்கவில்லை, தன் தரப்பை அச்சிட்டு வெளியிட்டார். 1846இல் மக்களவை தேர்வுக்குழு ஒன்றை அமைத்து முழு விவகாரத்தையும் விசாரித்தது.

இந்த வரலாற்றில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். அந்தக் குழுவின் முன் எலும்பு இடித்த கூலிகள் சாட்சியாக நின்றார்கள். வாக்குரிமை இல்லாதவர்கள், நிலமும் வீடும் இல்லாதவர்கள். எலும்பைத் தின்றதைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றார்கள். நீயும் தின்றாயா என்றால் தின்றேன் என்றார்கள். அவர்களுடைய பெயர்கள் நாடாளுமன்றப் பதிவில் ஏறின. சார்லஸ் லூயிஸ், சாமுவேல் கிரீன் என்று இன்றும் நாம் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. தின்றது வெட்கக்கேடு என்று தலைகுனிய வேண்டியவர்கள் தாங்கள் அல்லர் என்பதை அந்தப் பதில்கள் நிலைநாட்டின. அவமானம் உரிய முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. 1847இல் ஏழையர் சட்ட ஆணையமே கலைக்கப்பட்டு, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. 60 வயதைக் கடந்த தம்பதியரைப் பிரிக்கக் கூடாது என்ற விதியும் அந்த ஆண்டுதான் வந்தது.

ஆனால் சட்டம் அப்படியே இருந்தது. கட்டடமும் அப்படியே இருந்தது. மாஸ்டர்கள் மாறினார்கள், மணி தொடர்ந்து அடித்தது. விடுதியில் இறந்து, உரிமை கோர ஆளில்லாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அறுத்துப் பார்க்கக் கொடுக்கலாம் என்று 1832ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அதுவரை அறுப்புக்குக் கொடுக்கப்பட்டவை தூக்கிலிடப்பட்ட கொலைக் குற்றவாளிகளின் உடல்கள். கொலைக்கு இருந்த தண்டனை வறுமைக்கு மாற்றப்பட்டது. ஏழை உதவி பெற்றவருக்கு 1918வரை வாக்குரிமை மறுக்கப்பட்டது. ஒர்க்ஹவுஸில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அந்த இடத்தின் பெயரே எழுதப்பட்டது. அது வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொள்ளும் கறை என்பதால், வெறும் தெரு முகவரியை மட்டும் எழுதுங்கள் என்று 1904இல்தான் பதிவாளர்களுக்குச் சொல்லப்பட்டது.

கப்பலேறி வந்த விதி

இந்தத் தத்துவத்துக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மால்தஸ் வெறும் நூலாசிரியர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்திய அதிகாரிகளைத் தயாரிக்க நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில் 1805 முதல் 1834இல் சாகும்வரை பேராசிரியராக இருந்தவர். இந்தியாவை ஆளப் புறப்பட்ட ஒரு தலைமுறை அதிகாரிகள் அவரிடம் பொருளாதாரம் படித்தார்கள். அவர் மறைந்த பின்னும் கல்லூரியில் அந்தச் சிந்தனை மறையவில்லை.

அந்தக் கல்லூரியில் பின்னர் படித்தவர்தான் சர் ரிச்சர்டு டெம்பிள். 1876–78 தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைக் கொன்றுகொண்டிருந்தபோது, செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ஆள் அவர். 1877 தொடக்கத்தில் அவர் வந்து, பஞ்ச நிவாரண வேலையில் கல்லுடைத்த, மண் சுமந்த ஆணுக்கு நாளுக்கு 1 பவுண்டு தானியமும் 1 அணாவும் போதும் என்று வெட்டினார். பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதிலும் குறைவு. 1 பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. அதற்கு நாள் முழுவதும் கடும் உழைப்பு. வேலைத்தளம் வீட்டருகே இருந்தால் தேவையில்லாதவனும் வந்துவிடுவான் என்று தூரத்தில் வைத்தார்கள். உண்மையிலேயே பசித்தவன் என்றால் நடந்து வரட்டும். இது ஆண்டோவரின் அதே சோதனை, சுவர் மட்டும்தான் இல்லை.

இந்த அளவில் மனிதன் உயிர்வாழ முடியாது, குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும் அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்தார். எதிர்ப்புக்குப் பிறகு அந்த ஆண்டே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் நிவாரணத் தளங்களில் சாவு குவிந்துவிட்டது. அந்தப் பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலமற்ற கூலிகளும் சிறு கைத்தொழிலாளர்களும் முதலில் விழுந்தார்கள். சேரி என்ற சொல்லை இங்கே தனியாக எழுத வேண்டிய தேவை இல்லை. நிலமற்ற கூலிகள் யார் என்று நமக்குத் தெரியும்.

எலும்பும் பிறப்பும்

ஆண்டோவர் முற்றத்தை நினைக்கும்போது நமக்குள் வேறொரு வலியும் எழுகிறது. செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, தோலுரிப்பது, பசியால் அந்த இறைச்சியையே தின்பது என்று இந்தியச் சமூகம் நம் முன்னோர் மீது சுமத்திய வாழ்க்கை அது. 1927 மார்ச்சில் மகத் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சி உண்பதை விட்டுவிடுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் நம் மக்களிடம் கேட்டுக்கொண்டார். தீண்டாமையின் தோற்றம் பற்றி 1948இல் வெளியிட்ட ஆய்வு நூலில், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட வறியவர்கள் செத்த மாட்டிறைச்சியை நம்பி வாழ நேர்ந்ததை அவர் தீண்டாமையின் வேர்களில் ஒன்றாக வைத்தார்.

ஆண்டோவரில் பட்டினியில் இருந்தவர் எலும்பைக் கடித்தார். ஒரு நாடாளுமன்றம் கூடி, இவரைப் பட்டினி போட்டது யார் என்று கேட்டது. தாமதமாக, அரைகுறையாக, தன்னலத்தோடுதான் கேட்டது. ஆனாலும் கேட்டது. நம் மண்ணில் அதே பட்டினி அதே எலும்பைக் கடிக்க வைத்தபோது, பட்டினி போட்டது யார் என்று எந்தச் சபையும் கேட்கவில்லை. கடித்தவரின் பிறப்பே அப்படி என்று சாத்திரம் எழுதி வைத்தார்கள். அங்கே ஏழையின் மகன் சான்றிதழில் தெரு முகவரி எழுதி அந்தக் கறையிலிருந்து தப்பித்தான். இங்கே தெருவின் பெயரே கறையாக இருந்தது.

இதனால் இங்கிலாந்தைக் கருணை நாடு என்று சொல்ல வரவில்லை. ஏழையைத் தனி இனம்போல் நடத்தவும், பரம்பரைச் சோம்பேறி என்று முத்திரை குத்தவும் அவர்களும் பாடுபட்டார்கள். அந்த முத்திரையை உழைக்கும் மக்கள் நூறு ஆண்டுகள் போராடித்தான் அழித்தார்கள்.

சுவர்களுக்கு என்ன ஆனது?

அந்தப் போராட்டத்தின் தடம் கட்டடங்களிலேயே தெரிகிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் என்ற 1908ஆம் ஆண்டுச் சட்டம், முதியவர்களை ஒர்க்ஹவுஸ் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது. 1930இல் பாதுகாவலர் குழுக்கள் ஒழிந்து, விடுதிகள் மாவட்ட மன்றங்களின் கைக்குப் போயின. 1948இல் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழையர் சட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்த ஆண்டு ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது, நாடெங்கும் பல ஒர்க்ஹவுஸ்கள் மருத்துவமனைகளாயின. சிகிச்சை இலவசம், தரமும் மாறியிருந்தது. ஆனாலும் அந்த வாசலைக் கண்ட முதியவர்கள், என்னை அங்கே மட்டும் கொண்டுபோகாதீர்கள் என்று மன்றாடினார்கள். ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றலாம். உடம்பு அதை மறக்க ஒரு தலைமுறை ஆகிறது.

சவுத்வெல் விடுதியில் 1980கள்வரைகூட வீடற்ற தாய்மாரும் குழந்தைகளும் தற்காலிகமாகத் தங்க வைக்கப்பட்டார்கள். அதைச் சொகுசு வீடுகளாக மாற்றப் பார்த்தபோது, 1997இல் நேஷனல் டிரஸ்ட் வாங்கி, 2002இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அரண்மனைகளையும் பிரபுக்களின் மாளிகைகளையும் பாதுகாப்பதற்குப் பேர்போன அமைப்பு, ஏழைகளை அடைத்த வீட்டையும் வரலாறு என்று ஏற்றுக்கொண்டது. இலண்டனின் லாம்பெத் ஒர்க்ஹவுஸில் 1896இல் தாயோடும் அண்ணனோடும் 7 வயதுச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். சார்லி சாப்ளின் என்ற பெயரில் உலகமே அவனை அறியும். அந்த விடுதியின் எஞ்சிய பகுதியில் இன்று ஒரு சினிமா அருங்காட்சியகம் இயங்குகிறது. ஆண்டோவர் கட்டடத்தில் வீடுகள் வந்துவிட்டன. எலும்பு இடித்த முற்றத்தை இன்று யாரோ தம் வீட்டுச் சன்னலிலிருந்து பார்க்கிறார்கள். அதில் தவறில்லை, மனிதர் வாழத்தானே வீடு. அங்கே என்ன நடந்தது என்பது நாடாளுமன்ற ஆவணமாக அச்சில் இருக்கும்வரை யாரும் அதை மறுக்க முடியாது.

நமக்கோ அப்படிப்பட்ட ஆவணங்கள் குறைவு. தாது வருடத்தில் அந்த 1 பவுண்டு தானியத்துக்காகக் கல்லுடைத்துச் செத்தவர்களின் பெயர்களை நாம் எங்கே தேடுவது? அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில் அவர்கள் எண்ணிக்கையாக மட்டும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, நீ என்ன சாப்பிட்டாய் என்று பதிவு செய்து, பெயரோடு அச்சிட்ட தேர்வுக்குழு எதுவும் இல்லை. நம் பாட்டிமார் சொன்ன கதைகள்தான் மிச்சம். அவற்றையாவது நாம் எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்ய வேண்டியிருக்கிறது. 1834இன் விதி எந்த நூலிலும் இல்லாமலேயே இன்றும் நம்மிடையே உலவுகிறது. ரேஷன் அரிசி கொடுத்தால் வயல் வேலைக்கு ஆள் வரமாட்டேன் என்கிறான் என்று ஒரு நிலவுடைமையாளர் தேநீர்க் கடையில் சொல்லும்போது, அவர் சாட்விக்கைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இலவசம் மக்களைச் சோம்பேறியாக்குகிறது என்று தொலைக்காட்சியில் ஒருவர் முழங்கும்போதும் அதே விதிதான் பேசுகிறது. மாணவர் விடுதிச் சாப்பாட்டில் புழு இருக்கிறது என்று நம் பிள்ளைகள் சாலையில் அமர்ந்தால், வீட்டில் இதுகூடக் கிடைக்காதே என்று சொல்பவரின் வாயிலும் அதே விதிதான். உன் வீட்டில் இருப்பதைவிட ஒரு படி கீழே இருந்தால் போதும் என்பதுதானே அதன் பொருள்?

அப்படிச் சொல்பவர்களிடம் நாம் ஆண்டோவரைச் சொல்லலாம். பசித்தவனைச் சோதித்துப் பார்க்க ஒரு நாடு கட்டடமே கட்டியது, எட்டே ஆண்டுகளில் அதன் முற்றத்தில் மனிதர்கள் எலும்புக்குச் சண்டையிட்டார்கள் என்று சொல்லலாம். பிறகு நாடாளுமன்றத்தின் முன் நின்ற அந்தக் கூலிகளைப்போல, என்ன தின்றோம், ஏன் தின்றோம், யார் தின்ன வைத்தார்கள் என்று நம் கதையையும் தலைநிமிர்ந்து பெயரோடு சொல்லலாம்.